‘ஐட்டிஸ்’ என்று முடியும் வியாதிப் பெயர்களைப் பிரித்துப் படிப்பது எப்படி?

மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அமெரிக்க டாக்டர் ஒருவர் பேசியதைக் கேட்டுக் கேட்டு டைப் செய்து அனுப்பினேன். மறுநாள் ஃபைல் சிவப்புக் கோடுகளோடு திரும்பி வந்தது. நோயாளிக்குக் காதுக்குள் ‘கொய்ங்’ என்று ஓயாத இரைச்சல். டாக்டர் சொன்னது ‘டின்னிட்டஸ்’. நான் அடித்தது ‘டின்னைட்டிஸ்’. சரிபார்க்கும் அக்கா ஓரத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: “டின் என்ற உறுப்பு உடம்பில் எங்கே இருக்கிறது?”

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் அதற்குப் பிறகு பல வருடம் பிழைப்பை ஓட்டினேன். நீங்கள் டிரான்ஸ்கிரிப்ஷன், மெடிக்கல் கோடிங், நர்சிங், பார்மசி என்று எதில் புதிதாக நுழைந்தாலும் சரி, வீட்டில் ஒருவருடைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாலும் சரி, அதே கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.

முதலில் வாலை வெட்டுங்கள்

பெயரின் கடைசியில் அழற்சியை, அதாவது ஓர் இடம் சிவந்து வீங்கி எரிவதைக் குறிக்கும் ‘ஐட்டிஸ்’ஸைக் கழற்றுங்கள். மிச்சமிருப்பது ஓர் உறுப்பாகவோ உடம்பின் ஒரு பகுதியாகவோ இருக்க வேண்டும். கேஸ்ட்ரைட்டிஸில் மிஞ்சுவது ‘கேஸ்டர்’, கிரேக்கத்தில் வயிறு, இங்கே இரைப்பை. ஹெபடைட்டிஸில் ‘ஹெபார்’, கல்லீரல். நெஃப்ரைட்டிஸில் ‘நெஃப்ரோஸ்’, சிறுநீரகம். டெர்மடைட்டிஸில் தோல். ரைனைட்டிஸில் மூக்கு. மூக்கின்மேல் கொம்பு வைத்த காண்டாமிருகத்துக்கு ‘ரைனோசரஸ்’ என்று பெயர் வந்ததும் இதே வேரிலிருந்துதான், அதனால் இது மறக்காது. சிஸ்டைட்டிஸில் இருப்பது ‘பை’ என்ற பொருளுள்ள சொல். வெறுமனே சிஸ்டைட்டிஸ் என்றால் சிறுநீர்ப்பை. முன்னால் பித்தத்துக்குரிய ‘கோலி’ சேர்ந்து கோலிசிஸ்டைட்டிஸ் ஆனால் பித்தப்பை.

புதியவர்கள் தவறாமல் விழும் குழி ஒன்று உண்டு: ஸ்டோமடைட்டிஸ். ‘ஸ்டொமக்’ காதில் கேட்பதால் வயிறு என்று நினைத்துவிடுவார்கள். ‘ஸ்டோமா’ என்றால் கிரேக்கத்தில் வாய். இது வாய்ப்புண். வயிற்றுக்கு கேஸ்ட்ரைட்டிஸ், வாய்க்கு ஸ்டோமடைட்டிஸ். இதை மாற்றி எழுதியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் ஆள் நான்தான்.

இன்னொரு குழப்பம்: சிறுநீரகம் பழுதானால் ‘ரீனல் ஃபெயிலியர்’ என்கிறார்கள், அதே சிறுநீரகம் அழற்சியானால் மட்டும் ஏன் ‘நெஃப்ரைட்டிஸ்’? ‘ரீனல்’ லத்தீனிலிருந்து வந்தது, ‘நெஃப்ரோஸ்’ கிரேக்கம். பொதுவாக உறுப்பைச் சுட்டும்போது லத்தீனும், நோய்க்குப் பெயர் வைக்கும்போது கிரேக்கமும் முன்னால் வரும். ‘ஐட்டிஸ்’ கிரேக்கப் பின்னொட்டு என்பதால் கிரேக்க வேரோடுதான் பெரும்பாலும் சேரும். ஆனால் டான்சிலைட்டிஸ், சைனுசைட்டிஸ், அப்பெண்டிசைட்டிஸ் மூன்றும் லத்தீன் உடம்பில் கிரேக்க வால். கலப்புத் திருமணம் மாதிரி. பண்டிதர்கள் முகம் சுளித்தாலும் நிலைத்துவிட்டவை.

வால் எங்கிருந்து வந்தது

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ‘ஐட்டிஸ்’ என்றால் அழற்சி என்று எல்லாப் பாடப்புத்தகங்களிலும் போட்டிருக்கும். ஆனால் அந்தச் சொல்லுக்குள் அழற்சி இல்லை, வீக்கம் இல்லை, சூடு இல்லை. கிரேக்கத்தில் அது வெறும் ‘-ஐச் சேர்ந்தது’ என்று பொருள்படும் ஒட்டு, பெண்பால் வடிவம். பெண்பாலாக இருப்பதற்குக் காரணம், ‘நோசோஸ்’, அதாவது நோய், கிரேக்கத்தில் பெண்பால் பெயர். ‘ஆர்த்ரீட்டிஸ் நோசோஸ்’ என்றால் மூட்டைச் சேர்ந்த நோய். நாளாக நாளாக ‘நோசோஸ்’ உதிர்ந்துபோய், ‘மூட்டைச் சேர்ந்தது’ என்பதே நோயின் பெயராகிவிட்டது.

நாமும் இப்படித்தானே பேசுகிறோம்? “கல்யாணத்துக்கு ஒரு காஞ்சிபுரம் எடுத்தேன்” என்றால் ஊரையா எடுத்தார் என்று யாரும் கேட்பதில்லை. பட்டும் புடவையும் உதிர்ந்து ஊர்ப்பெயர் மட்டும் நிற்கிறது.

இதே ஒட்டின் ஆண்பால் வடிவம் கல்லுக்குப் போய்ச் சேர்ந்தது. ‘ஹைமாட்டிடேஸ் லித்தோஸ்’, இரத்தம் போன்ற கல். அங்கே கல் உதிர்ந்து ‘ஹேமடைட்’ என்று நின்றது, இரும்புத் தாது. ஆக ஹேமடைட்டும் ஹெபடைட்டிஸும் அண்ணன் தங்கை. வேலைக்கு இது ஒன்றும் உதவாது, ஆனால் தெரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆர்த்ரைட்டிஸ், நெஃப்ரைட்டிஸ், ப்ளூரைட்டிஸ் போன்றவை ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க மருத்துவ நூல்களிலேயே இருக்கின்றன. அங்கெல்லாம் மூட்டு நோய், சிறுநீரக நோய், விலாப் பக்கத்து நோய் என்ற அளவில்தான் பொருள். ‘இன்ன உறுப்பின் அழற்சி’ என்று அதைச் சுருக்கி இறுக்கியது 18, 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவர்கள். நோய்களுக்குச் செடிகொடிகளைப் போல வகைபிரித்துப் பெயர் வைத்த காலம் அது. அப்புறம் புதுப்பெயர்கள் வரிசையாக வந்தன. மூச்சுக்குழாய் அழற்சிக்கான பிராங்கைட்டிஸை 1808இல் சார்ல்ஸ் பாதம் என்ற ஆங்கிலேய மருத்துவர் தன் நூலில் முன்வைத்தார். அப்பெண்டிசைட்டிஸ் 1886இல் பாஸ்டனின் ரெஜினால்ட் ஃபிட்ஸ் கொடுத்த பெயர். ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியின் ‘ஏ’ எழுத்துப் பகுதி அச்சானபோது அந்தச் சொல்லுக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. 1902இல் ஏழாம் எட்வர்ட் மன்னருக்கு முடிசூட்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அப்பெண்டிக்ஸ் சீழ்பிடித்து ஆபரேஷன் நடந்தது. விழா ஆகஸ்ட் மாதத்துக்குத் தள்ளிப்போனது. ஊரே பேசிய சொல் அகராதியில் மட்டும் இல்லை!

நெருப்பு

வாலில் நெருப்பு இல்லை என்றேன். ஆனால் அந்த வால் குறிக்கும் பொருளுக்குப் பல மொழிகளில் பெயர் வைக்கும்போது நெருப்பு வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தின் ‘இன்ஃப்ளமேஷன்’னுக்குள் லத்தீனின் தழல். ஜெர்மனில் ‘என்ட்சூண்டுங்’, பற்றவைப்பது. அரபியில் ‘இல்திஹாப்’, ‘லஹப்’ என்ற சுடரிலிருந்து வந்தது. குர்ஆனில் வரும் அபூ லஹப் என்ற பெயரில் இருக்கும் அதே லஹப். போலந்து மொழியின் ‘ஸபலேனியே’யிலும் எரிவதுதான். சீனர்கள் எழுதும் ‘யென்’ என்ற எழுத்தைப் பாருங்கள், நெருப்பைக் குறிக்கும் எழுத்து ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு. ஜப்பானியரும் கொரியரும் அதையே தங்கள் உச்சரிப்பில் எடுத்துக்கொண்டார்கள்.

தமிழில்? அழற்சி. அழல் என்றால் தீ. முயல் முயற்சியானது போல, சுழல் சுழற்சியானது போல, அழல் அழற்சியானது. கலைச்சொல் என்று பயந்து ஒதுக்குகிறோம். பிரித்துப் பார்த்தால் அடுப்படிச் சொல்.

ஏன் இத்தனை பேருக்கும் நெருப்பே தோன்றியது? உங்கள் கையில் ஒரு கொப்புளம் பழுக்கும்போது தொட்டுப் பாருங்கள். ரோமாபுரியின் செல்சஸ் முதல் நூற்றாண்டிலேயே நான்கு அடையாளம் எழுதிவைத்தார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. இரத்தக் குழாய்கள் விரிந்து அந்த இடத்துக்கு இரத்தம் கூடுதலாகப் பாய்வதால் சிவப்பும் சூடும். குழாயிலிருந்து நீர் கசிந்து திசுவுக்குள் தேங்குவதால் வீக்கம். உடம்பு தன்னைக் காக்கச் செய்யும் வேலைதான் இது. அளவு மீறும்போதும் அடங்க மறுக்கும்போதும்தான் தொல்லை.

முகவரி உண்டு, காரணம் இல்லை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஐட்டிஸ்’ என்பது எங்கே எரிகிறது என்று சொல்லும். எதனால் எரிகிறது என்று சொல்லாது.

நாம் என்ன செய்கிறோம்? ‘ஐட்டிஸ்’ஸா, அப்படியானால் கிருமி, அப்படியானால் ஆன்டிபயாட்டிக் என்று மருந்துக்கடைக்கு நடக்கிறோம். ஹெபடைட்டிஸ் ஏ, பி, சி எல்லாம் வைரஸ். அவற்றுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. வைரஸே இல்லாமல் குடியாலும் ஹெபடைட்டிஸ் வரும், சில மாத்திரைகளாலும் வரும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் ஈரலையே தாக்கினாலும் வரும். டெர்மடைட்டிஸுக்கு மலிவான கவரிங் கம்மலில் இருக்கும் நிக்கலே போதும். முடக்குவாதம் எனப்படும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸில் கிருமியே கிடையாது.

கேஸ்ட்ரைட்டிஸ் கதை இதற்கு நல்ல சாட்சி. இரைப்பை எரிச்சலுக்கும் புண்ணுக்கும் கவலை, காரம், அமிலம் என்றுதான் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இரைப்பைத் திசுவில் சுருள் வடிவ பாக்டீரியா ஒன்றை, இன்று ஹெலிகோபாக்டர் எனப்படுவதைக் கண்டார்கள். யாரும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்த பாக்டீரியா வளர்த்த திரவத்தைத் தானே குடித்தார். சில நாளில் குமட்டல், வாந்தி. உள்ளே குழாய் விட்டுப் பார்த்தால் கேஸ்ட்ரைட்டிஸ். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. இத்தனை நடந்தும் பெயர் ஓர் எழுத்துகூட மாறவில்லை, கவனித்தீர்களா? இரைப்பை எரிகிறது என்று மட்டும் சொல்லும் பெயர், காரணம் எதுவானாலும் பொய்யாகாது. இன்றைக்கும் வலிமாத்திரையை வெறும் வயிற்றில் தினமும் போடுபவருக்கு வருவதும் கேஸ்ட்ரைட்டிஸ்தான், ஹெலிகோபாக்டர் உள்ளவருக்கு வருவதும் அதுதான். மருந்து வேறு வேறு.

நம் பழைய பெயர்கள் நேர் எதிர். கீல்வாதம் என்றால் கீல், அதாவது மூட்டு. வாதம், அதாவது அதைக் கெடுத்ததாக வைத்தியர் கருதியது. இடத்தோடு காரணத்தையும் பெயரிலேயே சொல்லிவிட்ட துணிச்சல் அது. கிரேக்கர் பெயர் அந்த வம்பில் மாட்டிக்கொள்ளவில்லை.

முன்னால் ஒட்டுவதையும் பாருங்கள்

இது சுலபம். ‘பெரி’ என்றால் சுற்றி, ‘எண்டோ’ என்றால் உள்ளே, ‘மயோ’ என்றால் தசை. இதயத்தைச் சுற்றிய உறை எரிந்தால் பெரிகார்டைட்டிஸ், உட்சவ்வு எரிந்தால் எண்டோகார்டைட்டிஸ், இதயத் தசையே எரிந்தால் மயோகார்டைட்டிஸ். ‘பாலி’ என்றால் பல. பாலிஆர்த்ரைட்டிஸில் பல மூட்டு. தனிச்சொல்லாக முன்னால் நிற்கும் ‘அக்யூட்’ திடீரென வந்தது, ‘கிரானிக்’ நாள்பட்டது. ‘அக்யூட்’ என்றதும் முற்றிவிட்டது என்று அழுதுவிடாதீர்கள், நேற்று வந்த தொண்டை வலியும் அக்யூட்தான்.

வால் மாதிரி இருக்கும், வால் இல்லை

எனக்குச் சிவப்புக் கோடு வாங்கித்தந்தது இந்த இடம். டின்னிட்டஸ் (காது இரைச்சல்), ப்ரூரைட்டஸ் (அரிப்பு) இரண்டும் ‘டஸ்’ என்று முடியும் லத்தீன் சொற்கள். உறுப்பும் இல்லை, அழற்சிக்கான வாலும் இல்லை. காதில் கேட்கும்போது கடைசி எழுத்தில்தான் வித்தியாசம். டின்னிட்டஸுக்குள் இருப்பது மணியோசை. மெல்லிய தகடு ஒன்றைத் தட்டிய சத்தம் அந்தச் சொல்லிலேயே கேட்கும்.

அடுத்து ‘ஓசிஸ்’. இது ஒரு நிலையைச் சொல்வது, பல இடங்களில் தேய்மானம். அம்மாவுக்குக் கழுத்து வலி என்று எக்ஸ்ரே எடுத்தோம். உறையைப் பிரித்துப் படித்தால் ‘சர்விகல் ஸ்பான்டிலோசிஸ்’. வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள் அத்தனை பேரும் “ஸ்பான்டிலைட்டிஸா? எங்க அண்ணிக்கும் இருக்கு” என்றார்கள். ஊர் வழக்கில் கழுத்து வலிக்கு ஸ்பான்டிலைட்டிஸ் என்றே பெயராகிவிட்டது. எழுத்தில் இரண்டும் வேறு. ஸ்பான்டிலோசிஸ் வயதாக ஆகக் கழுத்தெலும்பும் வட்டும் தேய்வது, ஐம்பது தாண்டினால் எக்ஸ்ரேயில் பாதிப் பேருக்குமேல் தெரிவது. ஸ்பான்டிலைட்டிஸ் முதுகெலும்பு மூட்டின் அழற்சி. அதில் அங்கைலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ் பெரும்பாலும் இளவயதில் இடுப்பில் தொடங்கும். காலையில் எழுந்தால் மரம்போல் விறைத்து, நடமாடினால் தளரும், படுத்தால் கூடும். முன்னது எக்சர்சைஸிலும் தலையணையை மாற்றுவதிலும் ஓரளவு அடங்கும். பின்னதற்கு மூட்டுவாத நிபுணரிடம் போக வேண்டும். ரிப்போர்ட்டில் எது அச்சாகியிருக்கிறது என்று எழுத்துக்கூட்டிப் பாருங்கள், பக்கத்து வீட்டார் சொல்வதைப் பார்க்காதீர்கள்.

‘ஆல்ஜியா’ என்றால் வெறும் வலி. ஆர்த்ரால்ஜியா என்று எழுதினால், மூட்டு வலிக்கிறது, அழற்சி இருப்பதாக இன்னும் முடிவாகவில்லை என்று பொருள். டாக்டர் வேண்டுமென்றே அப்படி எழுதியிருப்பார். அதை ஆர்த்ரைட்டிஸ் என்று ‘திருத்தி’விடாதீர்கள்.

வால் சரியாக இருந்தும் பெயர் பொய் சொல்லும் இடமும் இருக்கிறது. டென்னிஸ் எல்போவுக்கு முறையான பெயர் லேட்டரல் எபிகாண்டிலைட்டிஸ். ஆனால் அந்தத் தசைநாணை (டெண்டன்) மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவர்களுக்கு அழற்சி அணுக்கள் அதிகம் சிக்கவில்லை. நார்கள் கலைந்து சிதைந்திருந்தன. அதனால் பல டாக்டர்கள் இப்போது டெண்டினைட்டிஸைக் கைவிட்டு டெண்டினோபதி, அதாவது தசைநாண் கோளாறு, என்று எழுதுகிறார்கள். மறுபக்கம், நிமோனியா முழுக்க முழுக்க நுரையீரல் அழற்சி, அதற்கு வாலே இல்லை.

வெளிநாட்டு ரிப்போர்ட் வந்தால்

பாரிஸிலோ ஜெர்மனியிலோ இருக்கும் சொந்தக்காரர்கள் ரிப்போர்ட்டைப் படமெடுத்து அனுப்புவது இப்போது சகஜம். பிரெஞ்சில் வால் குட்டையாகி ‘இத்’ என்று ஒலிக்கும்: பிரோன்ஷித், ஒத்தித் (காது அழற்சி), ஆர்த்ரித். ரஷ்ய மொழியிலும் ஏறக்குறைய அப்படியே, கெபாதித், பிரோன்ஹித். ரஷ்யாவில் எம்பிபிஎஸ் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு இது உதவும். ஜெர்மன்காரர்கள் டாக்டரிடம் ‘ஐட்டிஸ்’ வாலையும் வீட்டில் ‘என்ட்சூண்டுங்’கையும் வைத்திருக்கிறார்கள்.

இரண்டு இடத்தில் மட்டும் கவனம். ஆங்கிலத்தில் ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் என்று எழுதும் மூட்டுத் தேய்மானத்தை பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ‘ஆர்த்ரோஸ்’, ‘ஆர்த்ரோஸே’ என்பார்கள். அங்கே ‘ஆர்த்ரித்’ என்று வந்தால் அழற்சியுள்ள வேறு வியாதி. அடுத்தது ‘செல்லுலித்’. பிரெஞ்சில் தொடைத் தோலில் விழும் ஆரஞ்சுத்தோல் குழிகளுக்கும் அதுதான் சொல், தோலடித் திசுவில் கிருமி பரவுவதற்கும் அதுதான் சொல். ஆங்கிலம் முன்னதை ‘செல்லுலைட்’ என்றும் பின்னதை ‘செல்லுலைட்டிஸ்’ என்றும் பிரித்துவிட்டது. செல்லுலைட் அழகு கிரீம் விற்பவர்களின் கவலை. செல்லுலைட்டிஸ் வந்தால் கால் சிவந்து, கொதித்து, சிவப்பு பரவிக்கொண்டே போகும், காய்ச்சல் வரும். சர்க்கரை உள்ளவர் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

நாம் வாலை விட்டுவிடுகிறோம்

கிரேக்கர்கள் ‘நோய்’ என்ற சொல்லை உதிர்த்து வாலை வைத்துக்கொண்டார்கள். தமிழர்கள் வாலையும் உதிர்த்து உறுப்பை மட்டும் வைத்துக்கொள்கிறோம். “எனக்கு சைனஸ் இருக்கு.” “பையனுக்கு டான்சில்.” “அவளுக்குத் தைராய்டு.” சைனஸ் என்பது முகத்தெலும்புக்குள் இருக்கும் காற்றறை, அநேகமாக எல்லோருக்கும் இருக்கும். புரிகிறது, யாரும் தப்பாக எடுப்பதில்லை, பேச்சுக்கு இது போதும். ஆனால் இன்ஷூரன்ஸ் படிவத்தில் ‘ஏற்கெனவே உள்ள நோய்’ என்ற கட்டத்தில் ‘சைனஸ்’ என்று எழுதியவரை எனக்குத் தெரியும். அங்கே சைனுசைட்டிஸ் என்று வாலோடு எழுதுங்கள். தமிழில் எழுத வேண்டியிருந்தால் உறுப்போடு அழற்சியைச் சேர்த்தால் போதும்: மூட்டழற்சி, கணைய அழற்சி, குடல்வால் அழற்சி. மெட்ராஸ் ஐக்கு மட்டும் மெட்ராஸ் ஐயையே வைத்துக்கொள்ளலாம், வெண்படல அழற்சி என்றால் கடைக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

கேலிக்கும் இந்த வால் வசதி. பிரெஞ்சுக்காரர்கள் ஓயாமல் மீட்டிங் போடும் ஆபீஸ் வியாதியை ‘ரெயூனியோனித்’ என்பார்கள். ஸ்பானியத்தில் அம்மா முந்தானையை விடாத குழந்தைக்கு ‘மமித்திஸ்’. 2014இல் ‘செல்ஃபைட்டிஸ்’ஸை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நோயாக அறிவித்துவிட்டது என்று ஒரு கேலிச் செய்தி கிளம்பி, உலகம் முழுவதும் நிஜமென்று பரவியது. வால் இருந்தாலே நம்பிவிடுகிறார்கள்.

சரி, கடைசியாக இரண்டு பெயர், நீங்களே வெட்டிப் பாருங்கள். பான்சைனுசைட்டிஸ்: ‘பான்’ என்றால் எல்லாம், ஆக எல்லா சைனஸ் அறைகளிலும் அழற்சி. அடுத்தது பானிக்குலைட்டிஸ். இங்கேயும் ‘பானை’ வெட்டியிருப்பீர்களே? மிச்சம் ‘இக்குல்’ என்று நிற்கும், அப்படி உறுப்பு கிடையாது. மொத்தமும் ஒரே சொல், ‘பானிக்குலஸ்’, லத்தீனில் சிறு துணி. தோலுக்கு அடியில் துணி போர்த்தியது போல் இருக்கும் கொழுப்புப் படலம் அது.